எதனால் இறந்தார்?

சேர்வராயன் மலையில், ஏற்காடு ஒன்றியத்து வாழவந்தி ஊராட்சியில், எழுபது வயதைத் தாண்டிய பாட்டி ஒருவர் தம் வீட்டிலேயே இறந்துபோகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஊர் கூடுகிறது. சேலத்துக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போயிருந்த பேரன்கள் வந்து சேர்கிறார்கள். அடக்கம் முடிகிறது. சில நாள் கழித்து மகன் கிராம நிர்வாக அலுவலரிடம் போய் இறப்பைப் பதிவு செய்கிறார். பெயர், வயது, நாள், இடம் எல்லாம் எழுதியாகிறது. காரணம் என்று கேட்டால், "வயசாயிடுச்சுங்க, போயிட்டாங்க" என்கிறார்.

அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் நடந்ததைப் பின்னோக்கிக் கேட்டுக்கொண்டே போனால் வேறொன்று தெரிய வரலாம். ஐப்பசி மழையில் நனைந்து கிடந்த சரிவுப் பாதையில் பாட்டி வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. எழுந்து நடக்க முடியாமல் படுத்த படுக்கையானார். முதுகில் படுக்கைப்புண் வந்தது. பிறகு சளி, காய்ச்சல், மூச்சிரைப்பு. மூன்றாம் மாதம் உயிர் பிரிந்தது. விழுவதற்கு முன்பே இரண்டு கண்ணிலும் புரை விழுந்திருந்தது. அந்திக்கு மேல் அவருக்குப் பாதை தெரியாது.

இப்படிப்பட்ட தொடரில் கடைசியாக வந்ததை மருத்துவக் கணக்கு மரணத்தின் காரணமாகக் கொள்வதில்லை. எது எல்லாவற்றையும் தொடங்கிவைத்ததோ அதைத்தான் மூலக் காரணம் என்கிறது. இறக்கும்போது இருந்தது நிமோனியாவாக இருக்கலாம். மூலக் காரணம் விழுந்ததுதான். உலக சுகாதார நிறுவனத்தின் இறப்புச் சான்றுப் படிவமே இந்தத் தொடரை மேலிருந்து கீழாக எழுதிக்கொண்டே போய், அடி வரியில் மூலக் காரணத்தைக் கேட்கும் விதத்தில்தான் அமைந்திருக்கிறது. தடுக்க வேண்டுமானால் அடியில்தான் தடுக்க முடியும் என்பதே இதற்குப் பின்னால் உள்ள நியாயம். இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகரில் 70 வயதைத் தாண்டிய பெண்களிடம் நடத்திய ஓர் ஆய்வு 2005இல் வெளியானது. முதல் கண்ணின் புரையைத் தாமதமில்லாமல் அறுவை செய்து நீக்கியவர்கள், முறைக்காகக் காத்திருந்தவர்களைவிட 34 விழுக்காடு குறைவாகவே விழுந்தார்கள். அப்படியென்றால் நம் பாட்டியின் மரணத்தைத் தடுக்க ஒரு கண் சிகிச்சை முகாமும் பாதையோரம் ஒரு கைப்பிடியும் போதுமானவையாக இருந்திருக்கலாம். "வயசாயிடுச்சு" என்று எழுதிய பதிவேட்டிலிருந்து இதை ஒருபோதும் கண்டுபிடிக்க முடியாது.

முதுமையை மரணக் காரணமாக எழுதலாமா என்பது உலக அளவிலேயே ஒரு வழக்காக இருந்திருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டுப் பட்டியலின் பதினோராம் பதிப்பு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதில் 'முதுமை' என்ற தலைப்பில் ஒரு குறியீட்டைச் சேர்க்க முதலில் திட்டமிட்டிருந்தார்கள். அப்படி ஒரு குறியீடு இருந்தால் முதியவர்களின் நோயைத் தேடும் அக்கறையே குறைந்துவிடும் என்று மூப்பியல் மருத்துவர்களும் முதியோர் அமைப்புகளும் எதிர்த்தார்கள். அந்தச் சொல் விலக்கப்பட்டு, முதுமையை ஒட்டி உடலின் திறன் குறைவதைக் குறிக்கும் வேறு தொடர் வைக்கப்பட்டது. எதிர்த்தவர்கள் சொன்னது முழுக்க நியாயம் என்றே நினைக்கிறேன். முதுமை என்பது நிலை. அந்த நிலையில் ஒருவரைக் கொண்டுபோவது ஏதோ ஒரு நோய், ஏதோ ஒரு விபத்து, சில நேரம் ஏதோ ஒரு புறக்கணிப்பு.

இந்தியாவில் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் 1969இல் வந்தது. மருத்துவமனையில் இறந்தால் படிவம் 4, வெளியே இறந்தால் படிவம் 4அ என்று மருத்துவர் காரணம் எழுத வேண்டிய ஏற்பாடும் உண்டு. ஆனாலும் நாட்டில் பதிவாகும் இறப்புகளில் நான்கில் ஒன்றுக்கும் குறைவானவற்றுக்கே மருத்துவச் சான்று கிடைக்கிறது. கிடைத்தாலும் 'இதயமும் சுவாசமும் நின்றுபோயின' என்று எழுதிய சான்றுகள் ஏராளம். எந்த மரணத்திலும் அவை நிற்கத்தான் செய்யும். அதை எழுதுவதால் யாருக்கும் எதுவும் விளங்குவதில்லை.

மருத்துவர் பார்க்காத மரணத்தின் காரணத்தை எப்படி அறிவது? உடலை அறுத்துப் பார்க்க வழியில்லை. வீட்டாரும் சம்மதிக்க மாட்டார்கள். மிச்சம் இருப்பது ஒன்றுதான்: கூட இருந்து பார்த்தவர்களைக் கேட்பது. 17ஆம் நூற்றாண்டு லண்டனில் இந்த வேலையைப் பெரும்பாலும் வயதான பெண்கள் செய்தார்கள். சாவு விழுந்த வீட்டுக்குப் போய், உடலைப் பார்த்து, வீட்டாரை விசாரித்து, காரணத்தைத் தேவாலய எழுத்தரிடம் சொல்வார்கள். அப்படிச் சேர்ந்த வாரப் பட்டியல்களை வைத்துத்தான் ஜான் கிரான்ட் என்ற துணி வணிகர் 1662இல் ஒரு நூல் எழுதினார். மக்கள்தொகைப் புள்ளியியல் அங்கிருந்து தொடங்குகிறது. இருபதாம் நூற்றாண்டில் இதே வேலையை முறைப்படுத்திய இடங்களில் ஒன்று நம் பஞ்சாபின் நாரங்வால். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் அங்கே நடத்திய கிராம சுகாதார ஆய்வில்தான் இந்த முறைக்கு 'வெர்பல் அட்டாப்சி' என்ற பெயர் வந்தது. தமிழில் வாய்மொழி உடற்கூறாய்வு எனலாம்.

அதைப் பெரிய அளவில், வயது வந்தோரின் மரணங்களுக்குச் செய்து காட்டியது தமிழ்நாடு. சென்னையில் நோய்ப்பரவியல் ஆய்வு மையம் நடத்திய டாக்டர் வேந்தன் கஜலட்சுமி, ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் பீட்டோ ஆகியோர் தலைமையில், 1995 முதல் 1997 வரை சென்னை மாநகரில் நிகழ்ந்த ஏறத்தாழ 48,000 மரணங்களையும், 1997-98இல் விழுப்புரம் மாவட்டக் கிராமங்களில் நிகழ்ந்த ஏறத்தாழ 32,000 மரணங்களையும் வீடு வீடாகப் போய் விசாரித்தார்கள். போனவர்கள் மருத்துவர்கள் அல்லர். பயிற்சி பெற்ற பட்டதாரிகள். காரணம் தெரியாதவை என்றோ தெளிவில்லாதவை என்றோ பதிவேட்டில் கிடந்த மரணங்களின் பங்கு சென்னையில் 54 விழுக்காட்டிலிருந்து 23ஆகவும், விழுப்புரத்தில் 41இலிருந்து 26ஆகவும் குறைந்தது. எண்பதாயிரம் வீடுகளில் எண்பதாயிரம் துயரங்களைப் பொறுமையாகக் கேட்டதன் பலன் அது. இந்திய மருத்துவ ஆராய்ச்சியின் பெரிய சாதனைகளில் இதற்கு இடம் உண்டு. நம் பாடப் புத்தகங்களில் இது இல்லாதது எனக்கு வருத்தம்.

கேட்பதற்கும் ஒரு பக்குவம் வேண்டும். சாவு விழுந்த மறுநாளே போய் நிற்கக் கூடாது. கருமாதி முடிந்து, துக்கம் கொஞ்சம் அடங்கிய பிறகு போக வேண்டும். ஆண்டுக்கணக்கில் தள்ளினால் நினைவு மங்கிவிடும். கடைசி நாட்களில் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டவர் யார் என்று முதலில் விசாரிக்க வேண்டும். பெரும்பாலும் அது மருமகளாகவோ மனைவியாகவோ இருக்கும். ஆனால் வாசலில் உட்கார்ந்து பதில் சொல்ல முன்வருவது வீட்டு ஆண். இந்த ஒன்றைக் கவனிக்காவிட்டால் விவரம் பாதி போய்விடும். உரையாடலின் ஒரு பகுதி, இறந்தவருக்கு என்ன நடந்தது என்று தாமாகவே சொல்லவிட்டு, அவர்கள் சொன்ன சொற்களிலேயே எழுதிக்கொள்வது. இன்னொரு பகுதி, இருந்தது, இல்லை என்று பதில் வரும் கேள்விகள். பல நாள் காய்ச்சல் இருந்ததா? குளிர் நடுக்கம் இருந்ததா? இருமலில் ரத்தம் வந்ததா? மார்வலி தோளுக்கோ கைக்கோ பரவியதா? ஒரு பக்கக் கைகால் விழுந்துபோனதா? உடம்பு இளைத்ததா? இதை மக்கள் பேச்சிலேயே கேட்க வேண்டும். ஜன்னி கண்டது என்றால் அது மூளைக்காய்ச்சலாகவும் இருக்கலாம், ரணஜன்னியாகவும் இருக்கலாம், வெறும் கடுங்காய்ச்சல் பிதற்றலாகவும் இருக்கலாம். மேற்கொண்டு கேட்கத் தெரிந்தவருக்கே அது பிரியும். வயதையும் அப்படித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும். எம்.ஜி.ஆர். இறந்தபோது மூத்த பையனுக்கு என்ன வயது, அப்போது அம்மாவுக்குத் தலை நரைத்துவிட்டதா என்று போனால்தான் மலையில் பிறந்த ஒருவரின் வயது ஏறத்தாழ கைக்கு வரும்.

எழுதிய தாள்கள் இரண்டு மருத்துவர்களிடம் தனித்தனியாகப் போகும். ஒருவர் என்ன முடிவு செய்தார் என்பது மற்றவருக்குத் தெரியாது. இருவரும் ஒத்துப்போனால் அதுவே காரணம். ஒத்துப்போகாவிட்டால் ஒருவர் எழுதியதை மற்றவருக்குக் காட்டி மறுபடி யோசிக்கச் சொல்வார்கள். அப்போதும் தீராவிட்டால் மூத்த மருத்துவர் ஒருவர் முடிவு சொல்வார். 2007இல் உலக சுகாதார நிறுவனம் இதற்கென ஒரு பொதுப் படிவம் வெளியிட்டது; பிறகு பலமுறை திருத்தியிருக்கிறது. இப்போது மருத்துவருக்குப் பதிலாகக் கணினி நிரலே பதில்களைப் படித்துக் காரணத்தைக் கணிக்கும் முறைகளும் உண்டு.

துக்கத்தில் இருக்கும் ஒரு குடும்பம் நினைவிலிருந்து சொல்வதை நம்பலாமா என்று வாசகர் கேட்பது நியாயம். ஒரு தனி மனிதரின் மரணத்துக்கு இது உறுதியான தீர்ப்பு அல்ல. ஊர் முழுவதற்கும் சேர்த்துப் பார்க்கும்போது நிலைமை மாறுகிறது. எடுத்துக்காட்டுக்காக மட்டும் ஒரு கணக்குப் போடுவோம். 1,000 மரணங்களில் 100 பேர் உண்மையில் காசநோயால் இறந்தவர்கள். நம் முறை அவர்களில் 80 பேரைச் சரியாகக் கண்டுபிடிக்கிறது, 20 பேரை விட்டுவிடுகிறது. மற்ற 900 பேரில் 2 விழுக்காட்டினரை, அதாவது 18 பேரை, தவறாகக் காசநோய்க் கணக்கில் சேர்த்துவிடுகிறது. மொத்தம் 98. உண்மை எண்ணுக்கு மிக அருகில் வந்துவிட்டது. விட்டதும் கூடியதும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிட்டன.

ஆனால் இதே முறை எல்லா நோய்க்கும் இப்படிக் கைகொடுக்காது. அந்த 1,000 பேரில் மலேரியாவால் இறந்தவர்கள் 10 பேர்தான் என்று கொள்வோம். 80 விழுக்காடு என்றால் 8 பேர் அகப்படுவார்கள். மற்ற 990 பேரில் 2 விழுக்காடு, ஏறத்தாழ 20 பேர், தவறாகச் சேர்வார்கள். மொத்தம் 28. உண்மையைப் போல மூன்று மடங்கு. அரிதான நோய், அதிலும் பிற காய்ச்சல்களிலிருந்து பிரித்தறிய முடியாத நோய் என்றால், இந்த முறை ஏமாற்றிவிடும்.

நடந்ததும் கிட்டத்தட்ட இதுதான். இந்தியத் தலைமைப் பதிவாளர் அலுவலகமும் டொரோன்டோ பல்கலைக்கழகத்தின் பிரபாத் ஜா குழுவும் சேர்ந்து நாடு முழுவதும் நடத்திய பத்து லட்சம் மரணங்கள் ஆய்வு, இந்தியாவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,05,000 பேர் மலேரியாவால் இறக்கிறார்கள் என்று 2010இல் மதிப்பிட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு அப்போது 15,000தான். காய்ச்சல் மரணங்களை வாய்மொழியாகக் கேட்டு மலேரியா என்று பிரிக்க முடியாது என்று அந்நிறுவனம் ஆட்சேபித்தது. ஆய்வாளர்களோ, மலேரியா அதிகம் உள்ள ஒடிசா போன்ற பகுதிகளிலேயே அந்த மரணங்கள் குவிந்திருப்பதைச் சுட்டிக்காட்டினார்கள். இரு தரப்பிலும் உண்மை இருந்தது. இந்த முறையை நேசிக்கிறவர்கள் இந்த வழக்கை மறக்கக் கூடாது என்பேன்.

பாம்புக்கடி இதற்கு நேர் மாறானது. பாம்பு கடித்து இறந்ததைக் குடும்பம் வேறெதுவாகவும் தவறாக நினைக்காது. ஆண்டுகள் போனாலும் மறக்காது. அரசு மருத்துவமனைகள் ஆண்டுக்குச் சில ஆயிரம் பாம்புக்கடி மரணங்களைக்கூடக் கணக்கில் காட்டாத காலத்தில், அதே பத்து லட்சம் மரணங்கள் ஆய்வு 2011இல் வேறொரு எண்ணைச் சொன்னது: ஆண்டுக்கு ஏறத்தாழ 46,000. அந்த மரணங்களில் நான்கில் மூன்றுக்கு மேல் மருத்துவமனைக்கு வெளியே நிகழ்ந்தவை. மருத்துவமனைக்கு வராதவர்களை மருத்துவமனைக் கணக்கு எப்படிக் காட்டும்? 2017இல் உலக சுகாதார நிறுவனம் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் வரிசையில் சேர்த்தது. தமிழ்நாடு 2024 நவம்பரில் அதைக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக்கியது. சேர்வராயன் மலைக் காப்பித் தோட்டத்தில் களை வெட்டப் போகிறவர்களுக்கு இந்த அறிவிப்பு வெறும் காகிதச் செய்தி அல்ல.

சென்னை, விழுப்புரம் விசாரணையில் ஒவ்வொரு வீட்டிலும் கேட்ட ஒரு சிறிய கேள்வி, இறந்தவர் புகைபிடித்தாரா என்பது. இறந்த 43,000 ஆண்களின் பதிலையும் உயிரோடிருந்த 35,000 ஆண்களின் பதிலையும் ஒப்பிட்டு 2003இல் 'லான்செட்' இதழில் வெளியிட்டார்கள். பீடியோ சிகரெட்டோ பிடித்தவர்கள் காசநோயால் இறக்கும் வாய்ப்பு, பிடிக்காதவர்களைப் போல நான்கு மடங்குக்கு மேல் இருந்தது. புகை என்றால் புற்றுநோய், மாரடைப்பு என்று மேல்நாடுகள் பேசிக்கொண்டிருந்தபோது, இந்தியாவில் ஆண்களின் காசநோய் மரணங்களில் பாதிக்குப் புகை காரணம் என்று தமிழ்நாட்டு வீடுகள் சொன்ன பதில் உலகத்துக்குப் புதிது.

இனி சொல்வது கனமானது. சாவு வீட்டில் கேட்கும்போது நோயல்லாத மரணங்களும் வெளியே வரும். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் சமூக மருத்துவத் துறை, கணியம்பாடி ஒன்றியத்தில் லட்சத்துக்கு மேற்பட்ட மக்களை நீண்ட காலமாகத் தொடர்ந்து கவனித்து வருகிறது. ஊர்ச் சுகாதாரப் பணியாளர், செவிலியர், மருத்துவர் என்று படிப்படியாக ஒவ்வொரு இறப்பையும் விசாரித்து உறுதி செய்வார்கள். 1994 முதல் 1999 வரையான மரணங்களைத் தொகுத்துப் பார்த்தபோது, தற்கொலை விகிதம் லட்சம் பேருக்கு ஆண்டுக்கு 95 என்று வந்தது. காவல்துறைப் பதிவுகளிலிருந்து பெறப்பட்ட தேசிய விகிதம் அப்போது 11ஐ ஒட்டித்தான் இருந்தது. 2004இல் அதே துறை வெளியிட்ட இன்னொரு கட்டுரை 10 முதல் 19 வயதுக்குட்பட்டவர்களைப் பற்றியது. லட்சத்துக்கு ஆண்களில் 58, பெண்களில் 148. உலகில் பெரும்பாலான நாடுகளில் தற்கொலையில் ஆண்களே அதிகம். இங்கே சிறு பெண்கள். விழுப்புரத்தின் வீடுகளிலும் ஏறத்தாழ இதே திசையில்தான் பதில்கள் இருந்தன. தீயில் இறந்தவர்களைப் பற்றிய ஆய்வு ஒன்றும் 2009இல் வந்தது. 2001ஆம் ஆண்டில் இந்தியாவில் தீயால் இறந்தவர்கள் ஏறத்தாழ 1,63,000 பேர், அவர்களில் மூன்றில் இரண்டு பங்கு பெண்கள், பெரும்பாலோர் 15க்கும் 34க்கும் இடைப்பட்டவர்கள் என்று அது மதிப்பிட்டது. காவல்துறை எண்ணிக்கையைப் போல அது ஆறு மடங்கு.

ஏன் இவ்வளவு வித்தியாசம்? தற்கொலை முயற்சி அப்போது சட்டப்படி குற்றம். வழக்கு வரும், உடலை அறுப்பார்கள், குடும்பத்துக்கு அவப்பெயர், தங்கைக்கு வரன் அமையாது. ஆகவே வயிற்றுவலி என்று எழுதப்படும். அடுப்பு வெடித்தது என்று எழுதப்படும். பல மாதம் கழித்து, சீருடை இல்லாத ஒரு பெண் வந்து உட்கார்ந்து, இது வழக்குக்காக அல்ல, பெயர் வெளியே போகாது என்று உறுதி சொல்லிக் கேட்கும்போது பெற்ற தாய் உண்மையைச் சொல்கிறாள். வன்முறைத் தடுப்பு என்ற அறிவியலின் முதல் படி இதுதான். எத்தனை, யார், எந்த வயதில், எப்படி என்று தெரிந்த பிறகே தடுப்பதைப் பற்றி யோசிக்க முடியும். தெரிந்துகொண்டவர்கள் தடுத்தும் காட்டியிருக்கிறார்கள். இலங்கை, கொடிய நச்சுத்தன்மை கொண்ட பூச்சிக்கொல்லிகளை ஒவ்வொன்றாகத் தடை செய்தது. 1995ஐ ஒட்டி உச்சத்தில் இருந்த அதன் தற்கொலை விகிதம் அடுத்த இருபது ஆண்டுகளில் ஏறத்தாழ 70 விழுக்காடு குறைந்தது. அவசரத்தில் கைக்கு எட்டுவது உயிரைப் பறிப்பதாக இல்லாவிட்டால் பெரும்பாலோர் பிழைத்துக்கொள்கிறார்கள். பிழைத்தவர்களில் மிகப் பலர் மீண்டும் அந்த வழிக்குப் போவதில்லை. சென்னையில் 1986இல் சினேகா அமைப்பைத் தொடங்கிய மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார், கடலூர் மாவட்டக் காட்டுமன்னார்கோவில் பகுதிக் கிராமங்களில் பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் ஊர்ப் பொதுவில் பூட்டிவைக்கும் ஏற்பாட்டைச் சோதித்துப் பார்த்ததும் இதே எண்ணத்தில்தான். இதைப் படிக்கிற யாருக்கேனும் மனம் தாங்க முடியாமல் இருந்தால், தமிழ்நாட்டில் 104 என்ற எண்ணிலும், நாடு முழுவதும் 14416 என்ற எண்ணிலும் பேசக் காத்திருக்கிறார்கள். நேரம் பார்க்காமல் அழையுங்கள்.

பிரசவ மரணங்களில் தமிழ்நாடு இந்த விசாரணையை அரசு நிர்வாகத்தின் பகுதியாகவே ஆக்கிவிட்டது. 1994இல் தொடங்கி, பிள்ளைப்பேற்றில் இறந்த ஒவ்வொரு தாயின் கதையும் வீட்டில் கேட்கப்படுகிறது, மருத்துவமனையில் கேட்கப்படுகிறது. 2004 முதல் மாவட்ட ஆட்சியர் முன்னிலையில் குடும்பத்தாரையும் அழைத்துக் கேட்கிறார்கள். நோக்கம் யாரையும் தண்டிப்பது அல்ல, எங்கே தாமதமானது என்று காண்பது. ஆபத்தை உணர்ந்து கிளம்ப முடிவெடுப்பதில் ஒரு தாமதம், மருத்துவமனையை எட்டுவதில் ஒரு தாமதம், எட்டிய பிறகு சிகிச்சை தொடங்குவதில் ஒரு தாமதம். 2018-20 கணக்கின்படி, உயிருடன் பிறக்கும் லட்சம் குழந்தைகளுக்கு இறக்கும் தாய்மார் தமிழ்நாட்டில் 54. இந்திய சராசரி 97. ரத்த வங்கிகள், செவிலியர் நியமனம், 2008இல் வந்த 108 ஆம்புலன்ஸ் என்று பலவும் சேர்ந்து செய்த வேலை இது. ஆனால் எங்கே ரத்தம் வேண்டும், எங்கே வண்டி வேண்டும் என்று காட்டியதில் அந்த இறந்த தாய்மார்களின் கதைகளுக்குப் பெரும் பங்கு உண்டு.

இரண்டாவது தாமதம் மலையில் வேறு மாதிரி. ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்க 20 கொண்டை ஊசி வளைவுகள். ஏற்காட்டுக்கு வந்து சேர்வதே வாழவந்தி போன்ற ஊராட்சிகளின் குக்கிராமங்களுக்கு ஒரு பயணம். மழைக்காலத்தில் மண் சரிந்தால் அந்தப் பயணமும் இல்லை. பக்கவாதம் வந்தவருக்கு ரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தை நாலரை மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும். அதற்கும் முன்னால் தலையைப் படமெடுத்துப் பார்க்க வேண்டும். மலையடிவாரத்து நகரத்தாருக்கு இந்த நாலரை மணி நேரம் ஒரு வாய்ப்பு. மலைமேல் இருப்பவருக்கு அதில் எவ்வளவு மிஞ்சும் என்பதை ஒவ்வொரு மரணத்தையும் விசாரித்தால்தான் சொல்ல முடியும்.

இங்கேதான் என் மனம் நிற்கிறது. நம்மிடம் உள்ள இறப்பு எண்கள் மாநிலத்துக்கானவை. அவற்றைத் தரும் மாதிரிப் பதிவு அமைப்பு மாநில சராசரிகளைச் சொல்வதற்காக வடிவமைக்கப்பட்டது. மாவட்டத்துக்கே அது நம்பகமான எண் தராது, மலைக்கு எங்கே தரும்? தமிழ்நாடு நன்றாக இருக்கிறது என்ற சராசரிக்குள் மலை மறைந்துபோகிறது. வாழவந்தி போன்ற ஊராட்சிகள் தனியாகக் கணக்கெடுத்தாலும் போதாது. தமிழ்நாட்டில் ஆயிரம் பேருக்கு ஆண்டுக்கு ஆறேழு இறப்புகள் என்றால், 3,000 பேர் உள்ள ஒரு மலை ஊராட்சியில் இருபது இறப்புகள் வரும். அதில் ஓர் ஆண்டு மூன்று பக்கவாதம், அடுத்த ஆண்டு ஒன்றுமில்லை என்று இருந்தால் அது முன்னேற்றமா தற்செயலா என்று யாராலும் சொல்ல முடியாது.

ஆனால் இந்த மலைகள் தனித்தனித் தீவுகள் அல்ல. சேர்வராயனில் சேலநாடு, மோகநாடு, முட்டநாடு என்று பிரிந்து வாழும் மலையாளிப் பழங்குடியினர், பெயர் ஒன்றாக இருந்தாலும் கேரளத்து மலையாளிகள் அல்லர். தாங்கள் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது அவர்கள் மரபுக் கதை. கல்வராயன், கொல்லிமலை, பச்சைமலை, சித்தேரி, ஜவ்வாது என்று நீளும் மலைகளில் எல்லாம் அவர்கள் இருக்கிறார்கள். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் அவர்கள் எண்ணிக்கை 3,57,980. மாநிலத்தின் பழங்குடிகளில் மிகப் பெரிய சமூகம். மாநில விகிதத்தையே வைத்தாலும் ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட இறப்புகள். ஐந்தாண்டில் பத்தாயிரத்தைத் தாண்டும். விழுதல், பக்கவாதம், காசநோய், பாம்புக்கடி, தற்கொலை, பிரசவம் ஒவ்வொன்றையும் வயதுவாரியாகப் பிரித்துப் பார்க்க அது போதுமான எண்.

செய்வதற்கு ஆட்களும் இருக்கிறார்கள். சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி இருக்கிறது, பெரியார் பல்கலைக்கழகம் இருக்கிறது. இரண்டு மருத்துவர்கள் தாளைப் படித்துக் காரணம் எழுதும் பயிற்சியைச் சமூக மருத்துவ மாணவர்களுக்குப் பாடமாகவே வைக்கலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பெண் தன்னார்வலர்கள் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை எடுத்துக்கொண்டு வீடு தேடிப் போகிறார்கள். யார் வீட்டில் யார் போனார்கள், கடைசியில் கூட இருந்தது யார் என்று கிராம சுகாதாரச் செவிலியருக்கும் அவர்களுக்கும் தெரியும். ஆனால் ஒன்று: சாவைப் பற்றிக் கேட்கும் பொறுப்பை மாத்திரை கொடுப்பவரின் தலையிலேயே சும்மா ஏற்றிவிடக் கூடாது. ஒரு நாளில் இரண்டு துக்க வீடுகளில் உட்கார்ந்து கேட்டவர் மூன்றாம் வீட்டுக்குப் போகும் நிலையில் இருக்க மாட்டார். தனி ஊதியமும், பயிற்சியும், தாம் கேட்டதை இறக்கிவைக்க ஓர் ஆளும் அவருக்கு வேண்டும். கேட்பவர் அந்த மலையில் பிறந்த பெண்ணாக இருந்தால் இன்னும் நல்லது. அதே நேரத்தில் தற்கொலை போன்ற மரணங்களில் சொந்த ஊராரிடம் சொல்லத் தயங்குவார்கள் என்பதால், அவற்றுக்கு மலையின் அடுத்த நாட்டுப் பிரிவிலிருந்து ஒருவரை அனுப்ப வேண்டியிருக்கும்.

கண்டுபிடித்ததை ஊருக்குத் திருப்பிச் சொல்வது இந்த ஆய்வுகளில் பெரும்பாலும் விடுபட்டுப்போகும் பகுதி. கட்டுரை லண்டன் இதழில் வரும்; பதில் சொன்ன வீட்டுக்கு அதில் என்ன இருந்தது என்று தெரியாது. தமிழ்நாட்டில் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 உள்ளிட்ட நாட்களில் கிராம சபை கூடுகிறது. ஊராட்சியின் வரவு செலவு அங்கே வாசிக்கப்படுகிறது. அதோடு, பெயர்கள் எதுவும் இல்லாமல், சேர்வராயன் மலை முழுவதற்குமான இறப்புக் கணக்கு ஒரு பக்கம் வாசிக்கப்படலாம்: விழுந்து இறந்தவர்கள் இத்தனை பேர், நேரத்துக்கு வண்டி கிடைக்காமல் போனவர்கள் இத்தனை பேர், இரத்த அழுத்தம் இருப்பதே தெரியாமல் போனவர்கள் இத்தனை பேர். அதைக் கேட்டுவிட்டு, எந்தப் பாதைக்குக் கைப்பிடி, எந்தத் திருப்பத்துக்கு விளக்கு, கண் முகாம் எந்த மாதம் என்று வாழவந்தியும் நாகலூர், மஞ்சக்குட்டை ஊராட்சிகளும் தீர்மானம் போடட்டும்.